வளைவில் வரும் சிக்னலுக்கு வந்தனம்

அலைவரிசைகளைக் கட்டியாளும் பெரியோர்களுக்கு,
கொழும்பு.

விடயம்: வீதிப் பாதுகாப்புக்கு நீங்கள் ஆற்றிவரும் பெருந்தொண்டுக்கு நன்றி கூறலும், அதை அரைகுறையாக விட்டதற்கு முறைப்பாடு செய்தலும்.

ஐயாமாரே, அம்மாமாரே,

எம்பிலிப்பிட்டிய டவுனில் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றால் போனில் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கும். சந்திரிகா வெவக் கரையில் நின்று பேசினால் சவூதியில் வேலை செய்யும் தங்கச்சியின் முகம் உடையாமல் தெரியும். வெயிலும் சிக்னலும் அந்த ஊரில் தாராளம். தட்டையான நிலம், கடைத்தெரு, காசுப் புழக்கம் மூன்றும் சேர்ந்த இடத்தில் கோபுரம் தானாகவே முளைத்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்குப் போக பஸ் ஏறியபின்தான் விவகாரம். கொலொன்ன தாண்டி, சூரியகந்த ஏறி, புலுத்தொட்டவின் கொண்டையூசி வளைவுகள் பத்தையும் இறங்கி, இறக்குவானைப் பக்கத் தோட்டத்துக்கு நான் போய்ச் சேரவேண்டும். பஸ்ஸின் முன்பக்கத்தில் மதகுருமாருக்கென்று எழுதி ஒதுக்கிய சீட் ஒன்று உண்டல்லவா? ஹாமுதுருவோ ஐயரோ பாதரோ வராத நாளில் அதில் நான் உட்காருவேன். அங்கிருந்து பார்த்தால் சாரதியின் கை, கண், போன் மூன்றும் நன்றாகத் தெரியும். அந்தச் சீட்டைச் சமயப் பெரியவர்களுக்கு ஏன் ஒதுக்கினார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கும். அதில் உட்கார்ந்தவன் வழி நெடுகப் பிரார்த்தனை செய்யாமல் இருக்க முடியாது.

முதலில் நன்றி. கையில் போனைப் பிடித்தபடி வாகனம் ஓட்டுவது இந்த நாட்டில் குற்றம். பொலிஸார் மரத்தடியில் நின்று பிடிக்கிறார்கள், தண்டம் எழுதுகிறார்கள். ஆனால் எதிரே வரும் பஸ் லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்டினால் சட்டத்தின் வேலை அத்தோடு முடிந்தது. போன் மடிக்குப் போகும், மரத்தடி தாண்டியதும் திரும்பி வரும். நீங்களோ காக்கிச் சட்டையும் இல்லாமல், தண்டச் சீட்டும் இல்லாமல், மலை வீதியில் சிக்னலை அறுத்தே சாரதியின் வாயை அடைத்தீர்கள். லஞ்சம் கொடுத்துத் தப்ப முடியாத ஒரே வீதிச் சட்டம் உங்களுடையதுதான்.

அத்தோடு விட்டிருந்தால் உங்களுக்குச் சிலை வைத்திருப்போம். முழுதாக அறுக்கவில்லையே! மலை இறங்கும்போது ஒரு வளைவில் மட்டும் எங்கிருந்தோ சிக்னல் வந்து விழுகிறது. அரை மணி நேரமாக வானத்தில் காத்துக் கிடந்த அத்தனை செய்தியும் அந்த இடத்தில்தான் டிங், டிங் என்று இறங்கும். தவறிய அழைப்புகள் வரிசையாக வரும். முன்னால் போன பஸ் எங்கே, பின்னால் வருபவன் எவ்வளவு நெருங்கிவிட்டான் என்று கேட்க டைம் கீப்பர் அதே நேரத்தில் எடுப்பார். சாரதி குனிவார். "ஹலோ, ஹலோ, எஹென்னே நே!" (கேட்கவில்லை) என்று கத்துவார். அடுத்த வளைவில் தொடர்பு அறுந்துவிடும். அறுந்தால் சும்மா விடுவாரா? திரும்ப எடுப்பார். ஒரு முறை பேசி முடித்திருக்க வேண்டிய பேச்சுக்கு நாலு முறை குனிகிறார்.

அந்த இறக்கத்தில் பஸ் மணிக்கு 20 கிலோமீற்றர்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வினாடி போனைப் பார்த்தால் பஸ் ஏறத்தாழ 17 மீற்றர் போயிருக்கும். தன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், கண் மட்டும் மடியில். 1997இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் டொரண்டோவில் ரெடெல்மையர், டிப்சிரானி என்ற இருவர், விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். போனில் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு நாலு மடங்கு என்றார்கள். கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து குறைந்ததாக அவர்கள் காணவில்லை. சட்டம் கையைப் பார்க்கிறது, கெடுப்பதோ கவனம். அந்த ஆராய்ச்சி நடந்த காலத்தில் போனில் பேச மட்டும்தான் முடிந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மடியில் நாடகம் ஓடும் காலம் அது இல்லை.

இனி உங்கள் மேம்பாடுகளுக்கு வருகிறேன். 1989இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாகச் செல்லுலார் போன் வந்தது இலங்கைக்குத்தான். 2006இல் 3ஜி, 2013இல் 4ஜி. 2018இல் ஹட்ச் எட்டிசலாட்டை வாங்கியது, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து கம்பனிகள் மூன்றாயின. இப்போது எங்கு பார்த்தாலும் 5ஜி பேச்சு. நல்லது. ஆனால் எங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. பழைய 900 மெகாஹேர்ட்ஸ் அலை தூரம் போகும், மலையை ஓரளவு சுற்றியும் வரும். 5ஜிக்கு உலகம் பெரிதும் நம்பியிருக்கும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. மலை குறுக்கே நின்றால் அங்கேயே நின்றுவிடும். அப்படியென்றால், கோபுரங்களைக் கூட்டாமல் ஜிக்கு முன்னுள்ள எண்ணை மட்டும் மாற்றினால், டவுனில் படம் இன்னும் வேகமாக இறங்கும், எங்கள் மலையில் அந்த ஒற்றை வளைவு அப்படியே இருக்கும். ஜி ஏற ஏற நாங்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறோம்.

கொவிட் காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹித்தியாவ பிள்ளைகள் இணைய வகுப்புக்காகக் காடு கடந்து பாறை உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலையில் மரத்தில் கட்டிய பரணில் இருந்து படித்தார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. 'கமட்ட சன்னிவேதனய' (கிராமத்துக்குத் தொடர்பாடல்) என்று ஒரு திட்டமும் வந்தது. நாடு முழுக்க 4ஜி என்றார்கள், முதலில் கையில் எடுத்தது எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தைத்தான். கோபுரம் வந்த ஊர்களுக்கு அது நல்ல காரியமே, மறுக்கவில்லை. தோட்டத்து லயத்துக்கோ எதுவும் கடைசி பஸ்ஸில்தான் வந்து சேரும். தோட்டத்துக்குள் ஒரு ரூபா செலவழிக்கப் பிரதேச சபைக்கே 2018இல் சட்டத்தைத் திருத்தவேண்டியிருந்தது. கோபுரம் நடுவதென்றால் அரச காணி, அதைக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, துரையின் கையெழுத்து என்று எத்தனை படி! அதற்குள் பிள்ளை ஓ.எல். எழுதி முடித்துவிடும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் பல இடங்களில் தொடர்பு அறுந்தது. மண் சரிந்ததா, ஆள் இருக்கிறார்களா என்று கேட்கவும் வழியில்லாமல் சனம் தவித்தது. லயத்து வாசலில் சிக்னல் கேட்பவர்கள் டிக்டொக் பார்ப்பதற்குக் கேட்கிறார்கள் என்று இன்னும் யாராவது கொழும்பில் நினைத்தால், அந்த வாரத்தை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

உங்கள் சேவையின் இன்றைய நிலை இதுதான்: ஸ்டியரிங் பிடித்தவன் கைக்கு வளைவில் சிக்னல் கிடைக்கிறது, புத்தகம் பிடித்த பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கவில்லை. இதைத் திட்டமிட்டுச் செய்ய யாராலும் முடியாது. ஆகவே உங்களைக் குற்றம் சாட்டவில்லை, வியக்கிறேன்.

கேட்பது அதிகமில்லை. லயங்கள் இருக்கும் சரிவைப் பார்த்து ஒரு கோபுரம். மலை வீதியில் தொடர்பு அறுந்து அறுந்து வராமல் ஒன்றுபோல் வர ஒரு வழி. அது முடியும்வரை, வீதிக்காரரோடு பேசி, சிக்னல் விழும் அந்த வளைவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பஸ் ஒதுங்கி நிற்கும் அளவு இடமும், நிறுத்திப் பேசு என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகையும். தமிழில் எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, பழகிவிட்டோம்.

நீங்கள் வரும்வரை சாரதி அண்ணாமாருக்கு என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். மலை ஏறுமுன் போனைக் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுங்கள். டைம் கீப்பருக்கு அவர் பதில் சொல்லட்டும். டிக்கட் போட்டு முடித்தபின் அந்த மலை வீதியில் அவருக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
மதகுருமார் சீட்டில் அடிக்கடி உட்கார்ந்து வரும்
ஒரு தோட்டத்துப் பயணி