படி வயிறும் ஆழாக்கு வயிறும்

எட்டு ஆழாக்கு ஒரு படி. காவிரிப் பாசனத்தில் இந்த வாய்ப்பாட்டை நெல்லுக்குத்தான் வைத்திருந்தார்கள் என்றாலும் வயிற்றுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. படி என்பது இன்றைய கணக்கில் சுமார் 1.3 லிட்டர். பந்தியில் உட்கார்ந்து எழும் ஒருவரின் இரைப்பை விரிந்துகொடுக்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. எடையைக் குறைக்கச் செய்யும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சையில் அந்த இரைப்பையில் முக்கால் பங்கு, சமயத்தில் அதற்கும் மேலே, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் ஒடுங்கிய குழாயில் 100 முதல் 150 மில்லி வரை பிடிக்கும். ஆழாக்கு 168 மில்லி. ஆக, படி வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குள் போகிறவர் ஆழாக்குக்கும் குறைந்த வயிற்றோடு வெளியே வருகிறார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கரண்டி அதே கரண்டி.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு சம்பா விவசாயி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது, 130 கிலோ, பத்து வருடச் சுகர், மாடியில் தூங்கினால் வாசல் திண்ணைக்குக் கேட்கும் குறட்டை. இந்த அடையாளங்களோடு தேடினால் டெல்டாவில் ஊருக்கு இரண்டு பேர் தேறுவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். நம்மவர் என்றே சொல்லலாம்.

அறுவைக்கு வீட்டில் சம்மதம் வாங்க நம்மவர் பெரிய மனிதர்களைத் துணைக்கு அழைத்தார். நிதின் கட்கரி 2011-இல், பாஜக தலைவராக இருந்தபோது, மும்பையில் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டார். அருண் ஜேட்லி 2014 செப்டம்பரில், நிதியமைச்சராக இருக்கும்போதே, டெல்லியில் செய்துகொண்டார். அவருக்கும் நெடுநாள் சர்க்கரை நோய். இருவருமே சாப்பாட்டுப் பிரியர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, “அவங்கல்லாம் சப்பாத்தி திங்கறவங்க தம்பி. சோறு திங்கற ஒடம்புக்கு இது ஆவுமா?” என்றார்.

கேள்வியில் பாதி நியாயம் உண்டு. குழைந்த சோறு அந்தக் குழாயில் திரண்டு அடைத்துக்கொள்ளும்; ஆரம்ப மாதங்களில் பலருக்கும் அது இறங்குவதில்லை. சப்பாத்தியும் இறங்காது என்பதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் எடுபட்டது சுகர் வாதம்தான். எடைக் குறைப்பு அறுவையின் இன்னொரு வகையான இரைப்பை பைபாஸை எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க மருத்துவர் 1966-இல் ஐயோவாவில் தொடங்கியது எடைக்காக. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு, எடை இறங்குவதற்கு முன்பே, சர்க்கரையும் கட்டுக்குள் வருகிறது என்று வால்டர் போரீஸ் 1995-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே ‘யார்தான் நினைத்திருப்பார்கள்?’ என்ற பொருளில் இருந்தது. மாத்திரை டப்பாவைப் பார்த்துப் பார்த்துச் சலித்த மனைவி, “செஞ்சுக்குங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் ஒரு தகராறும் இல்லை. பருப்புத் தண்ணி, மோர், வடிகட்டிய சூப், எல்லாம் மருந்துக்கு வரும் சின்ன மூடியில் 30 மில்லி 30 மில்லியாக. காய்ச்சல் வந்தவனுக்கு என்ன கொடுப்பார்களோ அதுதானே என்று வீடு அமைதியாக இருந்தது. அப்புறம் சில வாரம் மசித்த உணவு. குழந்தைக்குப் பிசைந்து கொடுத்த அனுபவம் அம்மாவுக்கு இருந்தது, பிசைந்து கொடுத்தார். வினை ஆரம்பித்தது நம்மவர் மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான்.

டயட்டீஷியன் சொன்ன வரிசை இது: முதலில் புரதம். பருப்பு, முட்டை, மீன், பனீர், எதுவானாலும். அடுத்து காய். வயிற்றில் இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. தஞ்சாவூர் இலையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்த மாதிரியான உத்தரவு. இந்த ஊரில் கூட்டும் பொரியலும் வறுவலும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பவை. இப்போது அவையே சாப்பாடு, சோறுதான் தொட்டுக்கொள்ள! “இப்பதான் காயெல்லாம் தின்னு முடிச்சிருக்கான், இனிமேதான் சாப்பிடப் போறான்” என்று சோற்றுக் குண்டானோடு அம்மா வந்து நிற்கும்போது நம்மவர் சாப்பிட்டு எழுந்திருப்பார். ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பெரிய கோயில் லிங்கத்துக்கே சுமார் ஆயிரம் கிலோ அரிசியை வடித்துச் சாத்துகிற ஊர். அங்கே ஒரு மனிதன் சோற்றைத் தாண்டிப் போனால் அம்மா பதறத்தான் செய்வார்.

இன்னொரு விதி, சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முன்னும் பின்னும் அரை மணி நேரம் விட வேண்டும். ரசமும் மோரும் கையில் வாங்கிக் குடிப்பதற்கென்றே கடைசியில் வரும் ஊரில் இதை எப்படி நிறைவேற்றுவது? நம்மவர் வீட்டில் ரசம் மாலை நான்கு மணி ஐட்டம் ஆகிவிட்டது. காபி நேரத்தில் ரசம் குடிக்கும் மனிதரைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்துபோனார்கள்.

ஆழாக்கு நிரம்பிவிட்டது என்பதை இரைப்பை தெரிவிக்கும் விதம் விசித்திரமானது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கு ஒழுகும். நம்மவருக்கு மூக்கு. ஒருநாள் அரைத்துண்டு மீனும் நாலு பீன்ஸும் உள்ளே போனதும் மூக்கு நீர் விட்டது. இதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் நெஞ்சில் அடைத்து வெளியே வந்துவிடும் என்பதால் கையை எடுத்துவிட்டார். பெரியம்மா பார்த்துவிட்டார். “புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கு” என்று ஒரு சொம்பு மிளகு ரசத்தோடு வந்தார். வேண்டாம் என்று தலையாட்டத் தலையாட்ட மூக்கு இன்னும் ஒழுகியது. சொம்பு நகர்ந்து நெருங்கியது.

புரதக் கணக்கு இன்னொரு தலைவலி. தினமும் குறைந்தது 60 கிராம் வேண்டும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். இட்லியை நம்பினால் முப்பது இட்லி. உள்ளே இடம் இருப்பதோ ஒன்றுக்கு. முட்டையில் 6 கிராம் என்பது தேவலை. கும்பகோணம் கடப்பாவில் பாசிப்பருப்பு இருக்கிறதே என்று மனைவி சந்தோஷப்பட்டார், கூடவே உருளைக்கிழங்கும் இருக்கிறது என்று டயட்டீஷியன் சந்தோஷத்தைக் குறைத்தார். விரால் மீன் என்றதும்தான் அம்மா முகம் மலர்ந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு விரால் கொடுத்தால் புண் ஆறும் என்று அவர் காலங்காலமாகச் சொல்லி வருகிறார். இப்போது ஆஸ்பத்திரியே மீன் சாப்பிடச் சொல்கிறது. வெற்றிக் களிப்பில் முக்கால் கிலோ வாங்கிவிட்டார்.

முக்கால் கிலோவில் நம்மவர் தின்றது ஒரு துண்டு. மிச்சம் எங்கே போனது என்பது சுவாரசியமான விஷயம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களோடு ஒரே வீட்டில் இருந்த, பருமனான பெரியவர்களுக்கும் ஒரு வருடத்தில் சராசரியாக மூன்றரை கிலோ குறைந்திருந்ததாம். வீடு முழுக்க நல்ல பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று விளக்கம். அந்த ஆய்வாளர்கள் ஒரத்தநாட்டுக்கு வந்திருக்க வேண்டும். நம்மவர் வீட்டில் பானையில் போடும் அரிசி ஒரு பிடிகூடக் குறையவில்லை. “வீணாப் போவுதே” என்று அவர் பங்கைத் தீர்த்துவைத்த மனைவிக்கும் மகனுக்கும் எடை எந்தத் திசையில் போனது என்று எழுதுவது குடும்ப அமைதிக்கு நல்லதல்ல.

வெட்டி எடுத்த பகுதியில்தான் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. பசியைத் தூண்டும் வேலை அதனுடையது. அது குறைந்ததால் நம்மவருக்கு ஒருமணி ஆனாலும் பசிப்பதில்லை. அவருக்காகப் பசிக்கும் வேலையை வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு ஒரு தட்டு, நாலு மணிக்கு ஒரு தட்டு. “கொஞ்சந்தானே, மிக்சர்தானே.” ஆபத்தே அந்த மிக்சரில்தான். சோறு அடைக்கும் குழாயில் மிக்சரும் முறுக்கும் ஐஸ்கிரீமும் நோகாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து எடை திரும்ப ஏறுகிறவர்களில் பலர் இந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள்.

வெளியே சாப்பிடுவது தனிக் கதை. மெஸ்ஸில் முழுச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு நாலு வாயோடு இலையை மடித்தால், சர்வர் போய் முதலாளியைக் கூட்டி வந்துவிடுகிறார்: “சாம்பார் எதுவும் சரியில்லீங்களா சார்?” கல்யாணப் பந்தியிலோ இலைமேல் கையை விரித்து மறைத்தாலும் விரலிடுக்கில் பாயசம் ஊற்றும் பரம்பரை இன்னும் ஓய்வு பெறவில்லை. டெல்டாவில் இந்த வயிற்றுக்கென்றே அளந்து செய்த பண்டம் ஒன்றுதான் உண்டு, டபராவில் வரும் டிகிரி காபி. ஆரம்ப வாரங்கள் கழிந்து, சர்க்கரை இல்லாமல், சாப்பாட்டுக்கு அரை மணி தள்ளி அதற்கு அனுமதி கிடைத்த அன்று நம்மவர் கண் கலங்கியதாகக் கேள்வி.

ஆறு மாதத்தில் 35 கிலோ போனது. கொஞ்சம் முடியும் போனது. வேகமாக எடை குறையும்போது அது நடக்கும், பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். “என்னப்பா இப்படி உருகிட்டே, சுகரா?” என்று கேட்டவர்களிடம், சுகர் போனதால்தான் இப்படி என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை.

இந்த நிலையில்தான் திருவையாற்று அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா அசோகா கிண்டி வைத்திருந்தார். சர்க்கரையும் நெய்யும் மின்ன, இலை நறுக்கில் சூடாக. கூடாது என்றதும் அக்கா, “பாசிப்பருப்புதானடா தம்பி? டாக்டர் பருப்புதான் சாப்பிடச் சொன்னாருன்னு நீயே சொன்னே” என்றார். வாதத்தில் ஓட்டை தெரிந்தும் நம்மவர் நாலு ஸ்பூன் சாப்பிட்டார். சர்க்கரை, இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று டயட்டீஷியன் படம் வரைந்து காட்டியது அரை மணிக்குள் உடம்பிலேயே தெரிந்தது. வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, ஊஞ்சலில் சாய்ந்துவிட்டார். அக்கா ஃபேனை ஐந்தில் வைத்தார். “நல்லா இருந்த ஒடம்பை வெட்டிக் கெடுத்துட்டானுங்க பாவிங்க” என்று டாக்டர்களைத் திட்டிக்கொண்டே, மிச்ச அசோகாவைத் தூக்குவாளியில் போட்டு மூடி, பஸ் ஏறுவதற்குள் தம்பி கையில் திணித்துவிட்டார்.