பெரியம்மாவும் இரு ஆசனக் காரும்: பம்பலப்பிட்டிச் சூழலில் திறந்த கூரை வாகனம் பற்றிய ஆரம்ப ஆய்வு

இரண்டே ஆசனம், மடித்து வைக்கும் கூரை, நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் என்று சொல்லிக்கொள்ளும் விலை. இம்மூன்றும் சேர்ந்த காரைப் பற்றி எழுதிய அறிஞர்களில் பெரும்பாலோர் வெயிலைக் கண்டால் சட்டையைக் கழற்றும் தேசத்தவர்கள். வெயிலைக் கண்டால் குடை விரிக்கும் கொழும்புக் காலி வீதியின் நோக்கில் இந்தப் பொருள் முறையாக ஆராயப்படவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களத்தின் எல்லைகள் வருமாறு: வடக்கே மஜெஸ்டிக் சிட்டி, தெற்கே வெள்ளவத்தைச் சந்தை, கிழக்கே ஹவ்லொக் வீதி, மேற்கே கரையோர ரயில் பாதை. அதற்கு மேற்கே கடல். அங்கே எந்தக் காரும் போகாது.

முதலில் வரலாறு. 1958 மே 20 அன்று மொன்டே கார்லோவில் ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் அறிமுகமானது. 948 சிசி எஞ்சின், 43 குதிரைவலு, மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம். விலையை இறக்குவதற்காகக் கதவுக்கு வெளிக் கைபிடி வைக்காமல் விட்டார்கள். டிக்கிக்கு மூடியும் இல்லை. பையை வைக்க வேண்டுமென்றால் ஆசனத்தைச் சரித்து, தலையை உள்ளே விட்டு, இருட்டில் துழாவ வேண்டும். பொனட்டின் மேல் இரண்டு விளக்குகள் துருத்திக்கொண்டு நின்றதால் ஆங்கிலேயர் அதைத் தவளைக்கண் என்று அழைத்தனர். இலங்கை வாசகர் கவனிக்க வேண்டியது இதன் உள்ளுறுப்புகளை. எஞ்சின் மொரிஸ் மைனர் 1000இல் இருந்த அதே ஏ-வரிசை; இங்கே இரட்டைக் கார்புரேட்டர் பூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். ஸ்டியரிங் அமைப்பும் மைனருடையதே. ஆக, அப்புக்காத்துமாரும் டொக்டர்மாரும் கண்ணியமாக ஓட்டித் திரிந்த மைனரின் இருதயம்தான் இந்த உல்லாசக் காரிலும் துடித்தது. மைனரைத் திருத்தத் தெரிந்த எந்தக் கராஜ்காரரும் ஸ்ப்ரைட்டைக் கண்டு மிரளத் தேவையில்லை.

இரண்டாம் காலகட்டம் ஜப்பானியருடையது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 வெளிவந்தது. 1.6 லீற்றர் எஞ்சின், ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. அதிகம் விற்ற இரு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000ஆம் ஆண்டில் 531,890 என்ற எண்ணிக்கையோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இன்னும் சிறிய வகையும் உண்டு. ஜப்பானின் 660 சிசி வரம்புக்குள் 1991இல் ஹொண்டா பீட், சுசுகி கப்புச்சினோ, 2002இல் டைஹட்சு கோபன். குடும்பத்தில் இருவரைத் தவிர மற்ற எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்கென்றே ஒரு பொருளை இத்தனை இலட்சம் பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பது மானிடவியலாளர் தனியே ஆராய வேண்டிய விஷயம்.

இனி உறவுமுறை. இரு ஆசனத்தில் ஓட்டுநரைக் கழித்தால் மிச்சம் ஒன்று. இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டியிலிருந்து மயூரபதி அம்மன் கோயிலுக்குப் புறப்படும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்வோம்.

"தம்பி, அம்மன் கோயிலுக்கே போறாய்? நில், நானும் வாறன்."

"வாங்கோ பெரியம்மா, ஏறுங்கோ."

"அப்ப சித்தி எதிலை வாறது?"

"அவ ஆட்டோவிலை வரட்டும்."

"என்ன பிள்ளை இது? இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு, சித்தியை ஆட்டோவிலை விடுறியோ?"

இந்த உரையாடலில் ஒரு முழு ஆய்வேட்டுக்கான பொருள் இருக்கிறது. எந்த இருவர் ஏறினாலும் மூன்றாமவர் மனதில் ஒரு பதிவு விழும். அது திருமண வீட்டில் வெளிவரலாம், அந்தியேட்டியிலும் வெளிவரலாம். நான்கு ஆசனக் காரில் இடமில்லை என்று சொன்னால் அது தற்செயல். இரு ஆசனக் காரில் அது முன்கூட்டியே செய்த தீர்மானம் என்றே கொள்ளப்படும்.

ஏறுவது வேறு, இறங்குவது வேறு. ஆசனம் தரையோடு ஒட்டிக் கிடப்பதால் பெரியம்மா ஏறுவதில்லை, விழுகிறார். இறங்கும்போது கூரை திறந்திருந்தால் முன் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பலாம். மூடியிருந்தால் கோயில் வாசலில் நிற்கும் இருவரின் உதவி தேவை. திறந்த கூரைக்கு இது மறுக்க முடியாத சாதகம். பாதகமும் உண்டு. டிக்மன்ஸ் வீதியைத் தாண்டுவதற்குள் கொண்டையில் வைத்த பூச்சரம் பின்னால் வரும் வாகனத்துக்குக் காணிக்கையாகிவிடும்.

கட்டுநாயக்க விமான நிலையம் தனி அத்தியாயத்துக்கு உரியது, இங்கே சுருக்கமாக. ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சானிடம் 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள் இருக்கும். எம்எக்ஸ்-5இன் முதல் தலைமுறையில் டிக்கிக்குள் மாற்றுச் சில்லும் பற்றரியும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. கோபனில் கூரையே மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன்பின் அங்கே ஒரு சிறு பைக்குத்தான் இடம். ஆகவே மச்சான் காரிலும் பெட்டிகள் வானிலும் வரும். வானில் ஏழு ஆசனம் காலியாக இருக்கும். ஒரு விதிவிலக்கை ஆய்வு நேர்மை கருதிப் பதிகிறோம்: வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கும் முருங்கைக்காய்க் கட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வருவதற்கு, கூரையைத் திறந்த காரைப் போல் வசதியான கார் வேறில்லை.

அடுத்து வானம். கொழும்பு வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும்; செப்ரெம்பர் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை வரும். அந்த நேரத்தில் கூரையைத் திறப்பவர் தன் தலைக்கும் நட்சத்திரம் ஒன்றுக்கும் இடையில் இருந்த ஒரே துணியை அகற்றுகிறார். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அது பெய்தால் துன்முல்லைச் சந்தியில் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த சங்கதி. வெயிலையும் மழையையும் கழித்தால் அதிகாலையும் மாலை ஐந்தரைக்குப் பின்னான பொழுதும் மிஞ்சுகின்றன. அந்த மாலைப் பொழுதில்தான் கந்தோர்கள் விடுகின்றன. கூரையைத் திறக்கத் தகுந்த நேரமும் வாகனம் நகராத நேரமும் மரைன் டிரைவில் ஒன்றேதான். இதை இக்கட்டுரை "பம்பலப்பிட்டிப் பொருத்தம்" என்று பெயரிடுகிறது. வேறு எவரும் உரிமை கோராத வரை.

நகராமல் நிற்கும்போது என்ன நிகழ்கிறது? எம்எக்ஸ்-5இன் மொத்த உயரமே ஒன்றேகால் மீற்றருக்குள் அடங்கிவிடும். அதில் அமர்ந்தவரின் மூக்கு, 100ஆம் இலக்க பஸ்ஸின் புகைக்குழாயோடு நேருக்கு நேர் உறவாடும் மட்டத்தில் இருக்கிறது. மேலே மின்கம்பியில் காகங்கள். பஸ் யன்னலோரம் இருப்பவர் கீழே குனிந்து, மடியில் இருக்கும் போனில் என்ன செய்தி வந்திருக்கிறது என்று சேர்ந்து வாசிப்பார். ஆடிவேல் விழாக் காலத்தில், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கு ரதம் வரும் வழியெங்கும் சிதறுதேங்காய் அடிப்பார்கள். அன்று காலி வீதியோரம் கூரையைத் திறந்து காரை நிறுத்துவது பக்தியில் சேராது. அறியாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது இந்த ஆய்வின் மையப் பிரச்சினைக்கு வருகிறோம்: தண்ணீர் எங்கே போகிறது?

துணிக் கூரையில் விழும் மழை, ஆசனங்களுக்குப் பின்னால் உள்ள ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இருபுறமும் உள்ள இரண்டு குழாய்கள் வழியாகப் பின் சில்லுகளுக்கு முன்னால் நிலத்தில் வடிய வேண்டும். எம்எக்ஸ்-5 செய்தவர்களின் ஏற்பாடு அதுதான். வீதியோர மரங்கள் வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. சருகும் பூவும் புழுதியும் சேர்ந்து குழாயின் வாயில் களியாக இறுகும். போக்கிடமில்லாத தண்ணீர் உள்ளே திரும்பி, கம்பளத்தை நனைத்து, கதவடித் தகட்டின் உள்பக்கத்தில் தங்கிவிடும். வெளியே பெயின்ற் மினுங்கும். உள்ளே கறள் பிடித்துக்கொண்டே போகும். மணம்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்: மூடிய காரைக் காலையில் திறந்ததும் ஈரச் சாக்கு வாசம் வந்தால் குழாய் அடைத்துவிட்டது. கம்பியை விட்டுக் குத்தினால் குழாய் கிழியலாம். வளைந்து கொடுக்கும் எதையாவது மெல்ல விட்டு எடுத்து, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். விளக்குமாற்றிலிருந்து உருவிய பச்சை ஈர்க்கு இதற்கு உத்தமம். ஹிரோஷிமாவில் பிறந்த பிரச்சினைக்குத் தென்னை தந்த தீர்வு.

பின் கண்ணாடியும் கவலைக்குரியது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அது பிளாஸ்டிக். ஸிப்பைத் திறந்து அதைப் படுக்க வைத்த பிறகே கூரையை மடக்க வேண்டும். மழைத்துளி விழுந்த பதற்றத்தில் இந்த ஒழுங்கு தவறினால் மடிப்பு விழுந்து வெடிக்கும். வெயிலில் கிடந்தால் தானாகவே மஞ்சளாகி விறைக்கும். பூனைகள் துணிக் கூரையைத் தங்களுக்கென்று கட்டிய தொட்டிலாகவே கருதுகின்றன. இரவில் படங்கு போட்டு மூடினாலும் அவை படங்கின் மேல் படுக்கும், அவ்வளவே வித்தியாசம்.

கடற்காற்று பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மரைன் டிரைவில் யன்னல் கம்பி வைத்திருக்கும் எவரும் உப்பைப் பற்றி அறிவார். இந்த உப்புக்கு ஈடுகொடுக்கக்கூடிய ஒரு மலிவான திறந்த கார் அயல்நாட்டிலேயே ஒருமுறை உண்டானது: 1998இல் இந்தியாவில் சான் மோட்டார்ஸ் வெளியிட்ட சான் ஸ்டோர்ம். ரெனோல்ட்டின் 1149 சிசி எஞ்சின், கண்ணாடியிழை உடல். கண்ணாடியிழையில் கறள் ஏறாது. ஓட்டத்தில் அது எப்படியிருந்தாலும், பம்பலப்பிட்டிக்காக யாரும் திட்டமிடாமலே செய்த கார் அதுதான்.

விலை. "மலிவு" என்ற சொல் ஜப்பானில் ஏறி கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போது வேறாள் ஆகிவிடுகிறது. எஞ்சின் அளவை வைத்து வரி விதிக்கும் நாட்டில் 660 சிசி என்பது புத்திசாலித்தனமான இலக்கம். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் இருந்த பழைய கார்கள் எல்லாம் வயது போகப் போக விலை ஏறின. இரு ஆசனக் காரின் பொற்காலமும் அதே இடைவெளியில், எரிபொருள் நெருக்கடிக்குள்தான் வந்தது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறை தொடங்கியபோது கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல். சட்டம் ஆசனத்தை எண்ணவில்லை. பெரிய எஞ்சின் காருக்கும் 20, கோபனுக்கும் 20. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்தாலும் வாரத்துக்கு 300. "உதென்ன விளையாட்டுச் சாமான்" என்று கேட்ட மாமாக்கள் அந்த மாதங்களில் மட்டும் கேள்வியை நிறுத்தினர்.

இதுவரை திரட்டிய சான்றுகளை வைத்து, எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே, ஒரு கருத்தை முன்வைக்கிறோம். ஹொண்டா பீட்டில் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கிறது, பின் சில்லுகளை ஓட்டுகிறது, கூரை துணி. பஜாஜ் ஆட்டோவில் எஞ்சின் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கிறது; பின் சில்லுகளை ஓட்டுகிறது; கூரை துணி. பீட்டின் நீளம் 3.3 மீற்றர், ஆட்டோ அதைவிட அரை மீற்றருக்கு மேல் குட்டை. காற்று இருபுறமும் வருகிறது. மழை வந்தால் ஓரத் திரையை இறக்க ஒரு கை போதும், ஸிப் கிடையாது. பெரியம்மா, சித்தி, அர்ச்சனைத் தட்டு எல்லாம் பின்னால் அடங்கும். ஆக, திறந்த கூரை கொண்ட, சிறிய, மலிவான, பின்புற எஞ்சின் வாகனத்தை இலங்கையர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டனர்; பதிவேட்டில் அதன் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. உலகம் முழுதும் எம்எக்ஸ்-5 எட்டுவதற்கு இருபத்தேழு வருடம் எடுத்த இலக்கு அது.

ஆட்டோவால் முடியாத ஒன்று இருக்கிறது என்பதை எதிர்த்தரப்புக்காக நாமே சொல்லிவிடுகிறோம். 2011 நவம்பரில் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. இரு ஆசனக் காருக்கு உண்டு. மணிக்கு 100 கிலோமீற்றர் வரை. நகருக்குள் 50 என்ற எல்லையைக் கனவில் மட்டும் காணும் காருக்கு, கொட்டாவை நுழைவாயிலில் ரிக்கற் எடுத்த பிறகுதான் உயிர் வருகிறது. இருபுறமும் வயலும் றப்பரும், தலைக்கு மேல் விடிகாலை வானம், பக்கத்தில் ஒருவர். அந்த ஒருவர் யார் என்பதை முதல்நாள் இரவே வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: மஜெஸ்டிக் சிட்டிக்கும் வெள்ளவத்தைச் சந்தைக்கும் இடையில் ஆட்டோ வெல்கிறது, கொட்டாவைக்குத் தெற்கே கார் வெல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஹைலெவல் வீதியில் எதுவும் வெல்வதில்லை. வாங்கத் துணிந்தவர்கள் கையெழுத்திடுமுன் கம்பளத்தைத் தூக்கிக் கதவடித் தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.