பெஞ்சின் நான்காம் கால்: பூலாம்பாடியை முன்வைத்து ஓர் அடிப்படை ஆய்வு

பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடியில் ஒரு டீக்கடை பெஞ்சு ஆடுகிறது. அதன் தெருப்பக்கக் கால் ஒன்றுக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லு செருகியிருக்கிறது. சில்லு இருந்தால் பெஞ்சு நிற்கும். இல்லாவிட்டால் டீ வேட்டியில் நிற்கும். இந்தச் சில்லே நமது ஆய்வுப்பொருள். அறிவுலகம் இதை இதுவரை குனிந்து பார்க்கவில்லை என்பதே ஆய்வின் தேவை. ஆய்வெல்லை, பெஞ்சின் நீளம். ஆய்வுக்காலம், மூன்று டீ. நிதிநல்கை, ஆய்வாளரின் சட்டைப்பை.

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்குவது ஆய்வாளர் மரபு. பூலா ஒரு செடி. பாடி என்பதற்கு ஊர் என்றும் படை தங்கும் இடம் என்றும் அகராதி இருபொருள் தருகிறது. இராணுவத்தார் 'பேஸ்' என்று சொல்வதும் இதைத்தான். ஆக, ஆய்வின் கருப்பொருளான அடித்தளம் ஊர்ப்பெயரிலேயே முகாம் போட்டிருக்கிறது. எந்தப் படை இங்கே தங்கியது என்று கேட்போர், காலை ஆறு மணிக்கு அந்தக் கடைக்கு ஒருமுறை வரவும்.

இனி, துறைதோறும் இந்த 'பேஸ்' என்ன பாடுபடுகிறது என்று பார்க்கலாம். கணக்கு வாத்தியார் அடிமானம் என்பார். முக்கோணம் வரைந்ததும் அவரே அதை அடிப்பக்கம் ஆக்கிவிடுவார். கொத்தனாருக்கு அது பேஸ்மட்டம். யாப்பு படித்தவருக்கு இரண்டு சீர் வந்தால் குறளடி, ஐந்து வந்தால் நெடிலடி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் வாங்கியதும் அடிதான். அதை எந்தத் துறையில் சேர்ப்பது என்று இன்றுவரை முடிவாகவில்லை.

வேதியியலார் இதைக் காரம் என்கிறார்கள். "காரம் இருக்கா?" என்று டீ மாஸ்டரிடம் கேட்டதற்கு மிளகாய் பஜ்ஜித் தட்டைக் காட்டினார். வேதியியலாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடவில்லை. 1923ஆம் ஆண்டில் பிரான்ஸ்டெடும் லவ்ரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, புரோட்டானை வாங்கிக்கொள்வது காரம் என்றார்கள். அதே ஆண்டில் லூயிஸ், எலெக்ட்ரான் இணையைக் கொடுப்பது காரம் என்றார். ஒரே பொருள், ஒரே வருஷம். ஒரு பக்கம் வாங்குவது, இன்னொரு பக்கம் கொடுப்பது. சீட்டுக் கட்டிய எவருக்கும் இதில் குழப்பம் வராது.

கணிதத்திடம் இதைவிட உருப்படியான யோசனை ஒன்று இருக்கிறது. ரொம்பவும் கரடுமுரடில்லாத தரையில் ஆடுகிற சதுர மேசையை, நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பினால் கால் சுற்றுக்குள் நான்கு காலும் தரையில் படும் ஓர் இடம் கட்டாயம் வரும். இதற்கு நிரூபணம் உண்டு. காலுக்கு மருந்து கால் சுற்று என்பது தமிழில் மட்டுமே வாய்க்கும் அழகு. ஆனால் பெஞ்சு சதுரமல்ல. திருப்பினால் ஒரு முனை மினி பஸ் வரும் பாதைக்குப் போய்விடும். சோதனை பாதியில் கைவிடப்பட்டது.

மூன்று கால் போதும் என்று இருந்தால் இந்த ஆய்வே பிறந்திருக்காது. எப்படிப்பட்ட தரையிலும் முக்காலி ஆடாது. லாம்டன் துரைக்கு இது தெரியும். 1802இல் அவர் பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைலுக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த வேலை அந்தக் கோட்டின் மேல்தான் எழுந்தது. சங்கிலி தாங்கிய பெட்டிகளுக்கும் முக்காலிதான். நாலு காலில் நாடு அளக்க முடியாது, டீ குடிக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கென்று ஓர் அடியியல் கோட்பாடு உண்டென்றால் அது வெங்காயப் பட்டறை. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் எடுத்ததும் விற்பதில்லை. விலை ஏறட்டும் என்று பட்டறையில் போட்டு வைப்பார்கள். தரையில் கொட்டினால் அழுகிவிடும். அதனால் கீழே கல் வைத்து, மேலே கழி பரப்பி, காற்றுப் போக இடம் விட்டு அதற்கு மேல் கொட்டுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் இங்கே அடி என்பது வெற்றிடம். எந்தத் தத்துவப் பேராசிரியரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை. வெங்காயமும் லேசுப்பட்டதல்ல. நாம் உரிப்பதெல்லாம் இலை. தண்டு என்பது வேர் முளைக்கும் அந்த மெல்லிய அடிவட்டுதான். அதைத்தான் முதலில் அரிந்து குப்பையில் போடுகிறோம்.

அடுத்து கங்கைகொண்டசோழபுரம். மாளிகைமேட்டில் தோண்டிப் பார்த்தால் ராஜேந்திர சோழனின் அரண்மனை செங்கல் அடித்தளமாகத்தான் கிடைக்கிறது. மாடம், கூடம் எல்லாம் போயிற்று. அங்குள்ள பெரிய கோயிலின் மதிற்கல்லுக்கு வேறு கதி. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அதைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சோழன் உயர்த்திக் கட்டியது ஆற்றுக்கு அடிக்கல்லாகப் போயிற்று.

1859இல் மார்க்ஸ் எழுதிய முன்னுரையின்படி பொருளாதாரம் அடித்தளம். சட்டமும் அரசியலும் அதன்மேல் எழும் மேற்கட்டுமானம். எது எதைத் தாங்குகிறது என்பதில் அவருக்குப்பின் வந்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். இதற்கான விடை பூலாம்பாடி பெஞ்சின் அடியில் இருக்கிறது. இரண்டாவது டீயின்போது சில்லை உருவிப் பார்த்தேன். ஒரு பக்கம் கரிப்புகை, மறுபக்கம் காய்ந்த பாசி, ஓரத்தில் பள்ளம். சந்தேகமே இல்லை, கூரை ஓடு. இந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் பணம் அனுப்ப, ஓட்டு வீடு இறங்கி மாடி வீடு ஏறியது. இறங்கிய ஓட்டில் ஒரு துண்டுதான் பெஞ்சுக் காலடிக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். நேற்றுவரை மேற்கட்டுமானம், இன்றைக்கு அடித்தளம். அடி என்று தனியாக ஒன்று பிறப்பதில்லை, உச்சியிலிருந்து விழுந்ததுதான் அடியாகிறது என்பதே இவ்வாய்வின் முடிபு.

முடிபை டீ மாஸ்டரிடம் விளக்கினேன். "அத ஏன் சார் நோண்டுறீங்க? வெச்சுட்டு டீயக் குடிங்க," என்றார். அதற்குள் பெஞ்சின் மறுமுனையில் இருந்த பெரியவரின் டீ அவர் வேட்டியில் நின்றுவிட்டது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பெரியவரின் கருத்துரை அச்சிடத் தக்கதல்ல.

அந்த அவசரத்தில் சில்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது என் மேசையில், இந்தத் தாள் பறந்துவிடாமல் மேலே உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது திருப்பி வைத்துவிடுவேன். அதுவரை பூலாம்பாடி போகிறவர்கள் அந்தப் பெஞ்சில் தெருப்பக்கமாக உட்கார வேண்டாம்.