தண்டையல் இல்லாத வள்ளம்

நெடுந்தீவில் அவரை எல்லாரும் 'வைபை அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது தாண்டிய ஆச்சிக்கும் அவர் அண்ணை, தரம் 7இல் படிக்கிற பிள்ளைக்கும் அண்ணை. அது உறவுமுறை இல்லை, பதவி. சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, இடமாற்றமும் இல்லை. அதிகஷ்டப் பிரதேசச் சேவைக்கென்று வந்து, திரும்பிப் போகும் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கும் என்னைப் போன்ற ரீச்சர்மாருக்கு, அப்படியொரு பதவியை ஒரு மனிசன் விரும்பி வைத்திருப்பது லேசில் விளங்காது.

இப்படி ஒருவர் எல்லாத் தீவிலும் இருப்பார். நயினாதீவில் வேறு பெயர், அனலைதீவில் வேறு பெயர்; பை மட்டும் ஒன்றுதான். ஏதோ ஒரு செயலமர்வில் சும்மா கொடுத்த கறுப்புப் பை. எங்கள் அண்ணையின் பைக்குள் ஒரு பிஸ்கற் ரின். ரின்னுக்குள், எந்த லப்டொப்பில் இருந்து கழன்றதென்று அவருக்கே தெரியாத ஸ்குறூ ஆணிகள், ஒரு பழைய பல் துலக்கும் பிறஷ், பாதி தேய்ந்த அழிறப்பர், கறுப்பு நூலில் தாயத்துப் போலக் கோத்த பென்ட்ரைவ்கள். அழிறப்பர் என்னத்துக்கு என்று கேட்டேன். மெமறித் தகட்டின் பற்களில் உப்புக்காற்று ஏற்றிவிட்ட அழுக்கைத் தேய்த்து எடுக்கவாம். அழிறப்பரால் பிழையைத்தான் அழிக்கலாம் என்று இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருத்தத்தையும் அழிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வருத்தம் என்பது அவருடைய சொல். அவர் வாயில் 'பழுது' வராது. மூடி வேறு உடம்பு வேறாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் 'சின்ன வருத்தம்' என்பார். கிணற்றுக்குள் விழுந்து ஒரு இரவு கிடந்த ஒன்றைப் பார்த்து மட்டும் 'கொஞ்சம் கூடின வருத்தம்' என்றாராம். அதற்கும் கைவிடவில்லை. அரிசிக்குள் புதைத்து வைத்தார். அரிசி வீட்டுக்காரருடையது.

என் லப்டொப் பாரிசில் இருக்கும் அண்ணா அனுப்பியது. 2007இல் வாங்கியது. அவருடைய மகள் படித்து, மகன் விளையாடி, பிறகு அலுமாரிக்கு மேல் சில வருடம் தூங்கி, 'வீசுறதுக்கு மனம் வரேல்லை' என்ற ஒரே காரணத்தால் சவர்க்காரக் கட்டிகளுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில் பார்சலில் ஏறிவிட்டது. சார்ஜர் வரவில்லை. குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம், மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளின் புள்ளி அட்டவணையை இனி போனில் கண் பூத்துப் போக அடிக்கத் தேவையில்லை என்ற சந்தோசம்.

அண்ணை வந்தார். முதலில் கையை வைக்கவில்லை. பிளேன்ரீ குடித்தார், பனங்கட்டி கடித்தார், தூர இருந்தே பார்த்தார்.

"கடைசியா எப்ப நெற் எடுத்தது, ரீச்சர்?"

"அது எனக்கென்னண்டு தெரியும், அண்ணை?"

"ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' ஆயிரம் ரூபா பெறும். 19 வோல்ற் என்று எழுதியிருந்த வேறொரு சார்ஜரைப் பையில் இருந்து எடுத்து, முனை பொருந்தாததை றப்பர் பாண்ட் போட்டு இழுத்துக் கட்டி, மெசினை எழுப்பினார். பிறகு லப்டொப்பின் முன் விளிம்பில் நகத்தால் எதையோ தள்ளினார். செம்மஞ்சளாக இருந்த ஒரு வெளிச்சம் நீலமாக மாறியது. அந்தக் காலத்து லப்டொப்புகளில் வைபைக்கென்று அரிசியளவு ஒரு சுவிச் விளிம்பில் இருக்கும். பைக்குள் உரசுப்பட்டால் தானாக அணைந்துவிடும். தீவில் அவர் சுகப்படுத்திய வருத்தங்களில் பாதி இந்தச் சுவிச்தான் என்பது என் கணிப்பு. ஆனால் அதைத் தள்ளும்போது உடம்பால் மறைத்துக்கொள்வார். நாட்டு வைத்தியர் மூலிகையின் பெயரைச் சொல்வாரா?

திரையில் திகதி 2007 ஜனவரி 1 என்று காட்டியது.

"உள்ளுக்கை காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கு, ரீச்சர். அது செத்தால் இது பிறந்த நாளுக்கே போயிடும்."

20 மில்லிமீற்றர் குறுக்களவு, 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அதனால்தான் அந்தப் பற்றரிக்கு 2032 என்று பெயராம். திகதி பிழையென்றால் வங்கியும் மின்னஞ்சலும் திறக்காது. அவற்றின் அத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாம் இன்னும் பிறக்காத ஒரு வருடத்தில் எழுதப்பட்டவை என்று மெசின் சந்தேகப்படும். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. 2007 ஜனவரியில் ஏ9 பாதை பூட்டிக் கிடந்தது. அந்த மெசினின் கணக்கில் நாங்கள் இன்னும் அந்தப் பக்கம் போகமுடியாமல்தான் இருக்கிறோம். எங்கேயோ ஒரு விளையாட்டுச் சாமானுக்குள் இருந்து அண்ணை ஒரு 2032ஐக் கழற்றிக்கொண்டு வந்தார். யாருடைய பிள்ளை அழுததோ தெரியாது.

அடுத்த நாள் பெரிய சத்திரசிகிச்சை. உள்ளே இருந்தது விஸ்ரா. 2017 ஏப்ரலோடு மைக்ரோசொப்ற் அதைக் கைகழுவிவிட்டது. "இனி உதுக்கு ஆரும் மருந்து குடுக்கமாட்டினம்" என்று சொல்லி, தாயத்து மாலையில் ஒன்றைக் கழற்றி லினக்ஸ் ஏற்றினார். அது வழியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொன்னார். விசைப்பலகை எது? ஆங்கிலம். பெயர்? யூசர். கடவுச்சொல்? 1234. எல்லாம் நல்லபடி ஏறியது. வைபை மட்டும் இல்லை.

"ட்ரைவர் இல்லை" என்றார்.

திண்ணையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்தா. "தண்டையல் இல்லாமல் வள்ளம் எப்பிடி மோனை ஓடும்?"

இதைவிடச் சுருக்கமாக எந்தக் கொம்பியூட்டர் புத்தகமும் சொல்லாது. வைபைச் சிப் வள்ளம். அதை ஓட்டத் தெரிந்தவன் வேறு. அந்தச் சிப்பைச் செய்த கம்பனி, தன் தண்டையலை மற்றவர்கள் சும்மா ஏற்றிக்கொண்டு போக அனுமதிக்கவில்லை. நெற்றில் போய்த்தான் எடுக்கவேண்டும். நெற்றுக்குப் போக வைபை வேண்டும். வைபைக்குத் தண்டையல் வேண்டும். வெளியூர்க்காரருக்கு இது தலையைச் சுற்றும். தீவாருக்குச் சுற்றாது. இன்றைக்குப் படகு வருமா என்று அறிய இறங்குதுறைக்குப் போய் நின்று பழகினவர்கள். அண்ணை தன் போனை வயரால் லப்டொப்பில் கொழுவி, இரண்டையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். வீட்டுக்குள் ஒரு கோடு, கிணற்றடியில் மூன்று. சில நிமிடத்தில் தண்டையல் வந்து சேர்ந்தான்.

இந்த இடத்தில் அண்ணை வழக்கமாக ஒரு பிரசங்கம் வைப்பார். வைத்தார். கம்பி இல்லாமல் கொம்பியூட்டர்கள் கதைத்ததே முதலில் தீவாருக்காகத்தானாம். பிரசங்கங்களில் இப்படி வரும் தகவலை நான் நம்புவதில்லை. தேடிப் பார்த்தேன், உண்மை. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏபிரம்சனும் கூட்டாளிகளும் வெவ்வேறு தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி அலையால் ஹொனலுலுவில் இருந்த கொம்பியூட்டரோடு இணைத்தார்கள். பெயர் அலோகாநெற். அதன் சட்டம் எளிது: சொல்ல இருந்தால் சொல், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொல்லி மோதினால், இருவரும் ஆளுக்கொரு கணக்கில்லாத நேரம் பொறுத்துத் திரும்பச் சொல். இன்றைய வைபையின் பொறுமை அங்கேயிருந்து வந்தது. குறிகட்டுவானில் நுழைவுச்சீட்டுக்கு நிற்கும் எங்கள் சனத்துக்கு முதல் பாதி நன்றாகத் தெரியும். பொறுத்துச் சொல்லும் இரண்டாம் பாதி இன்னும் வந்து சேரவில்லை.

பிரசங்கத்தின் அடுத்த அத்தியாயம் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு. சுற்றுலாவுக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போய், "இதுதான் எங்கட முதல் வைபை" என்பாராம். புறாவில் இன்ரநெற் அனுப்பும் முறையொன்றை 1990 ஏப்ரல் 1ஆம் திகதி பகிடிக்கு எழுதி வைத்தார்கள். 2001இல் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் சிலர் அதை உண்மையாகவே செய்தும் பார்த்தார்கள். 9 பொதி அனுப்பி 4க்குப் பதில் வந்தது. "எங்கட வீட்டு வைபையைவிட அது பறவாயில்லை" என்றா அன்ரி. நான் இருக்கும் வீட்டுக்கார அன்ரி. றவுட்டர் இருப்பது வளவுக்கு அந்தப் பக்கம், மகள் வீட்டில்.

அந்த வைபையின் பெயர் திரையில் தெரிந்தது. கடவுச்சொல், 'அம்மன் துணை', ஆங்கில எழுத்தில், சேர்த்து எழுதியது. அண்ணை எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னார். அடிக்கும் எழுத்தைத் திரையில் காட்டவா என்று மெசின் கேட்டது. வேண்டாம் என்றார். "பாஸ்வேட்டைச் சபையிலை காட்டக்கூடாது, ரீச்சர்." சபையில் இருந்தது நான், அன்ரி, ஆச்சி, அன்ரியின் பேத்தி. அந்தச் சொல்லை அவருக்குச் சொன்னதே பேத்திதான்.

பிழை என்றது மெசின்.

திரும்ப அடித்தார். பிழை. ஒவ்வொரு எழுத்தாக, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் அடித்தார். பிழை. இந்தச் சாதி மனிதரின் உண்மையான முகத்தை இந்த இடத்தில்தான் பார்க்கலாம். தன் விரல்மேல் ஒருநாளும் சந்தேகம் வராது. முதலில் சுவரைச் சந்தேகித்தார். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின பழைய சுவர். அலை அதற்குள்ளால் நொண்டிக்கொண்டுதான் வரும், உண்மை. பிறகு சோளகத்தைச் சந்தேகித்தார். "காத்துக்கு அலை சரியுது" என்றார். வானொலி அலைக்குக் காற்றுப் பிடிக்காது என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குத் தெரியும், சொல்லவில்லை. மனிசன் வேர்த்து நின்றார்.

பிறகு அன்ரியின் தாச்சியைக் கேட்டார்.

கைவிரல் அளவு வைபை டொங்கிள் ஒன்றை நீட்டு வயரில் கொழுவி, தாச்சியின் நடுவில் ஈர்க்குக் கட்டி நிமிர்த்தி, தாச்சியை மகள் வீட்டுப் பக்கம் பார்க்கச் சுவரில் சாத்தினார். குழிந்த உலோகம் அலையைக் குவித்துத் தரும். சட்டி அன்ரனாவின் தத்துவம் அதுதான். அது வேலையும் செய்தது. ஒன்றாக இருந்த கோடு நாலாக நிமிர்ந்தது. ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டா.

கடவுச்சொல் பிழை.

இரண்டு நாள் அன்ரி வீட்டில் பொரியல் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அண்ணை பிளேன்ரீ குடிக்கத் திண்ணைக்குப் போன இடைவெளியில், பேத்தி லப்டொப்பில் ஒரு வெறும் பக்கத்தைத் திறந்து தன் பெயரை அடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், என்ர பேரிலை 'ஏ' எல்லாம் 'கியூ'வா விழுகுது."

அண்ணா பாரிசில் வாங்கியது பிரெஞ்சு விசைப்பலகை. அதன் முதல் வரி ஏ, இசட், ஈ, ஆர் என்று போகும். ஆங்கிலத்தில் ஏ இருக்கும் இடத்தில் அங்கே கியூ இருக்கும். எம் அடுத்த வரியின் கடைசியில். லினக்ஸ் ஏற்றும்போது 'ஆங்கிலம்' என்று தெரிவு செய்ததால், முகத்தில் ஏ என்று எழுதின விசை உள்ளே கியூவாகப் போனது, எம் அரைப்புள்ளியாகப் போனது. 'யூசர்' என்ற சொல்லில் இடம் மாறின எழுத்து ஒன்றுகூட இல்லை, 1234க்கும் ஒன்றும் வராது. அதனால்தான் மூன்று நாள் ஒருவருக்கும் பிடிபடவில்லை. 'அம்மன் துணை'யில் மூன்று ஏ, இரண்டு எம். பதினொரு எழுத்தில் ஐந்து பிழை. ஒவ்வொரு முறையும் அம்மனுக்குப் பதில் யாரோ தெரியாத தெய்வத்தை அல்லவா கூப்பிட்டிருக்கிறோம்!

அண்ணை திண்ணையில் இருந்து வந்து திரையைப் பார்த்தார். ஒரு விநாடிதான். "அதுதான் நான் முந்தநாளே சந்தேகப்பட்டனான்" என்றார். பேத்தியின் தலையைத் தடவினார். விசைப்பலகையைப் பிரெஞ்சுக்கு மாற்றி, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, அடித்தார்.

கொழுவிவிட்டது.

அண்ணாவைக் கூப்பிட்டோம். படம் விட்டுவிட்டு வந்தது, குரல் ஒழுங்காக வந்தது. "உது இன்னும் வேலை செய்யுதோ!" என்று அவர் வாய் பிளந்து நிற்கையில், வைபை அண்ணை என் தோளுக்கு மேலால் திரைக்குள் தலையை நீட்டினார். சுகம் விசாரிக்கவில்லை.

"தம்பி, உதின்ர சார்ஜர் எங்கை?"

"அது... இஞ்சை லாச்சியிலை கிடக்குது அண்ணை."

காசு வாங்கவில்லை. ஒரு பனங்கட்டிக் குட்டான் கொடுத்தேன், அதை வாங்கினார். தாச்சியை அன்ரி வாசலில் வைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டா.

பாரிசிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு ஒன்று. பழைய லப்டொப்பை அனுப்புங்கோ, தாராளமாக அனுப்புங்கோ. எந்த நாட்டு எழுத்து இருந்தாலும் பறவாயில்லை. சார்ஜரையும் சேர்த்து அனுப்புங்கோ. எங்கள் அண்ணையிடம் இனி றப்பர் பாண்ட் இல்லை.