பலகை பதிக்கும் படலம்

கேள்வி: இவர் யூரியூப் பார்த்துவிட்டு, ஓக் பலகையைத் தானே பதிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். விடலாமா? – வாசகி, ஸ்காபரோ

பதில்: வீட்டின் எந்த மாடி என்று சொல்லவில்லையே! மரச் சட்டங்களின் மேல் பிளைவூட் அடித்த தளமும் கோணாத சுவர்களும் என்றால் தாராளமாக விடலாம். ஆணி அடிக்கும் கருவியும் கொம்பிரசரும் வாடகைக்குக் கிடைக்கின்றன. சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் ஆணி தானாகச் சாய்ந்து இறங்கும். ஆனால் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் அந்தக் கருவி நுழையாது. அந்த இடம் வந்ததும் யூரியூப்காரர் படத்தை வேகமாக ஓட்டிவிடுவார்.

பேஸ்மென்ற் என்றால் தூக்கிய காலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கொங்கிரீட்டில் இந்த ஆணி இறங்காது. ஈரமோ கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். முக்கால் அங்குல முழு ஓக்குக்கு அது இடமே அல்ல. பிளைவூட் அடுக்கின் மேல் மெல்லிய ஓக் ஒட்டிய ‘எஞ்சினியர்ட்’ பலகைதான் அங்கே தாக்குப்பிடிக்கும்; அதற்கும் முதலில் கொங்கிரீட்டின் ஈரத்தை அளந்தாக வேண்டும்.

கேள்வி: பலகை இன்று வந்து இறங்கியது. மச்சானுக்கு இந்தச் சனி ஞாயிறுதான் லீவு. அடித்து முடிக்கலாமா? – வாசகர், மார்க்கம்

பதில்: மச்சானுக்கு லீவு சரி, மரம் தயாரா?

காற்றில் ஈரம் கூடினால் பலகை அகலும், குறைந்தால் சுருங்கும். நீளத்தில் அசைவு சொற்பம், கூத்தெல்லாம் அகலத்தில்தான். 12 அடி அகல அறையில் சிவப்பு ஓக்கின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், பிடித்துவைக்க எதுவும் இல்லாத பட்சத்தில், பலகைகள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2 அங்குலம் நகரும் என்கிறது கணக்கு. ஆணிகள் இறுக்கிப் பிடிப்பதால் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் ரொறன்ரோவின் ஆடிப் புழுக்கத்துக்கும் தை மாத ஹீற்றருக்கும் நடுவில் பலகை படும் பாடு சாமானியமல்ல. சுவரோரம் முக்கால் அங்குலம் விடச் சொல்வதும் இதனால்தான். விடாமல் நெருக்கி அடித்தால் கோடையில் தளம் நடுவில் கூனிக்கொள்ளும்.

பலகை இத்தனை நாள் வீட்டில் கிடக்கட்டும் என்று நாள் எண்ணிப் பயனில்லை. அமெரிக்காவின் தேசிய மரத்தளச் சங்கம் வைத்திருக்கும் விதி இது: 3 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான பலகை என்றால், அதற்கும் கீழ்த்தளத்துக்கும் ஈரப்பத வித்தியாசம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒடுங்கிய பலகைக்கு 4 வரை போகலாம். ஈரமானி கொண்டு குத்திப் பார்த்தால்தான் இது தெரியும். நல்ல வேலைக்காரர் பையிலிருந்து முதலில் எடுப்பதும் அதைத்தான். வந்தவுடன் சுத்தியலைத் தூக்குபவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேள்வி: பழைய காப்பற்றை உரித்தால் 9 அங்குலச் சதுர ரைல்கள். கிண்டி எறியலாமா? – வாசகர், எற்றோபிக்கோ

பதில்: கை வைக்காதீர்கள். 1980களுக்கு முந்திய வீடுகளில் அந்த ரைலிலும் அடியிலுள்ள கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கனடா அதை முழுதாகத் தடை செய்ததே 2018 கடைசியில்தான். ஆய்வுகூடம் பார்த்துச் சொல்லும்வரை அவை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

கேள்வி: தெரிந்த ஒருவர், காசாகத் தந்தால் வரியில்லாமல் பதித்துத் தருகிறேன் என்கிறார். – வாசகி, பிரம்டன்

பதில்: 13 சதவீத எச்.எஸ்.ரி மிச்சம்; கூடவே ரசீதும் மிச்சம். தை மாதம் பலகைகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விழுந்தால், யார் பதித்தது, ஈரம் அளந்த குறிப்பு எங்கே என்று பலகைக் கம்பனி கேட்கும். எடுத்துக் காட்டுவதற்கு அவருடைய மகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ் மட்டும்தான் வீட்டில் இருக்கும்.