தட்டைத் திரையும் தேர் வெளிச்சமும்

கேள்வி: ஐயா, கேம் விளையாட தட்டைத் திரை மானிட்டர் வேண்டும் என்கிறான் மகன். பழைய டியூப் மானிட்டர்தான் கேமுக்கு நல்லது என்கிறார் என் மைத்துனர். யார் பேச்சைக் கேட்பது? — ஒரு தந்தை, பாச்சாங்

பதில்: இருபது ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் மைத்துனர் பக்கம் நின்றிருப்பேன். இன்று மகன் பக்கம்.

அன்றைய எல்சிடி திரைகள் பலவற்றில் ஒரு புள்ளி நிறம் மாறவே 25 மில்லிசெகண்ட் ஆகும். கேமோ நொடிக்கு 60 படம் அனுப்பும், 16.7 மில்லிசெகண்டுக்கு ஒன்று. முந்தைய படம் மறைவதற்குள் அடுத்தது வந்து ஏறிக்கொள்ளும். ஓடுகிற காருக்குப் பின்னால் புகை மாதிரி ஒரு வால் நீளும். டியூபில் அந்தத் தொல்லை இல்லை. எலக்ட்ரான் கற்றை பட்ட இடம் பளிச்சென்று மின்னி, சட்டென்று மங்கிவிடும்.

இப்போதைய திரைகள் சில மில்லிசெகண்டில் மாறிவிடுகின்றன. ஆனால் பெட்டியில் ‘1 எம்எஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டும் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் திரையை உச்ச வேகத்துக்கு முடுக்கிவிட்டு எடுத்த கணக்கு அது. அப்படி முடுக்கினால் ஓடும் பொருளின் ஓரத்தில் வெளிறிய நிழல் எழும். கடையில் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து மெல்ல மேலும் கீழும் ஓட்டச் சொல்லுங்கள். ‘ணை’, ‘ஞ’, ‘ளூ’ எல்லாம் சுழி கலையாமல் எதில் தெரிகிறதோ அதுதான் உங்கள் திரை. நம் எழுத்தைவிடக் கடுமையான சோதனை கடையில் கிடைக்காது.

கேள்வி: அவன் கேட்பது 144 ஹெர்ட்ஸ். நாங்கள் படம் பார்க்க அது வீண்தானே? — அதே வீட்டுத் தாயார்

பதில்: வீணில்லை அம்மா. சினிமா நொடிக்கு 24 படம். சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை படம் காட்டும், மகன் கேட்பது 144 தடவை. 60ஐ 24ஆல் வகுத்தால் மிச்சம் விழுகிறது; அதனால் ஒரு படம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படும். கேமரா மெல்ல நகரும் காட்சி தத்தித் தத்திப் போவது இதனால்தான். 144ஐ வகுத்தால் சரியாக 6. கேமுக்கு என்று மகன் கேட்டது உங்கள் படத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அத்தனை படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு கணினியில் இல்லாவிட்டால் கேமில் பலன் கிடைக்காது. முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்தில் ராத்திரி எடுத்த தேர் வீடியோ, போனில் அருமையாக இருக்கிறது, மானிட்டரில் இருட்டெல்லாம் சாம்பலாகத் தெரிகிறதே? — வாசகர், டுரியான் துங்கல்

பதில்: எல்சிடி திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிகிறது. கறுப்பு என்பது அந்த வெளிச்சத்தைத் தடுப்பதுதான். கொஞ்சம் கசியத்தான் செய்யும். எல்சிடியில் ஐபிஎஸ் வகையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 1000 மடங்கு, விஏ வகையில் 3000 மடங்கு. தேரும் தீபமும் பார்க்க விஏ நல்லது. ஆனால் இருண்ட காட்சிகளில் அது மெதுவாக மாறும், கேமில் வால் தெரியும். உங்கள் போன் ஓஎல்இடியாக இருக்கும். அதில் புள்ளியே அணைந்துவிடும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மானிட்டரிலும் ஓஎல்இடி வந்துவிட்டது. விலை கூடுதல், அசையாத படம் நாள்கணக்கில் நின்றால் தழும்பு விழும். கடைக்குப் போகும்போது அந்தத் தேர் வீடியோவையே பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டிவியையே மானிட்டராக வைக்கலாமா? — மாணவர், ஜாசின்

பதில்: வைக்கலாம். ‘கேம் மோட்’ போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் கேமில் ஆள் குதிப்பான்.

கேள்வி: பழைய டியூப் மானிட்டரை என்ன செய்வது? — வாசகர், மெர்லிமாவ் தோட்டம்

பதில்: பழைய சாமான் லோரியில் ஏற்றாதீர்கள், பின்புறம் திறந்தும் பார்க்காதீர்கள். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் மின்கழிவைத் தனியாகக் கையாள வேண்டிய கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் முழுதாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளைகள் கையில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.