அசல் சரக்கு

கிழக்கு லண்டன் பிரிக் லேனில் தாடிக்கார இளவட்டங்களுக்கு எல்லாமே அசலாக இருக்க வேண்டும். செங்கல் சுவரைப் பூசக்கூடாது. பூசியிருந்தால் காசு கொடுத்துச் சுரண்டுவார்கள். மேசை, ஏதாவது பள்ளிக்கூடம் கழித்துப்போட்டதாக இருந்தால் உத்தமம். 2014இல் கார்ன்ஃப்ளேக்ஸ் வகையறாவுக்கென்றே அங்கே ஒரு கஃபே திறந்தார்கள். பெட்டியைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டிப் பால் ஊற்றித் தந்தார்கள். அந்தக் கைவண்ணத்துக்கு 3 பவுண்டு சொச்சம்! மறு வருஷமே, ஏழைபாழைகளைத் தெருவைவிட்டே விரட்டுகிறார்கள் என்று கிளம்பிய கூட்டம் கஃபே கண்ணாடியில் சாயத்தை வீசியது. வீட்டுத் தரகுக் கடைக்கும் அன்று அடி விழுந்தது. பேர் என்னவோ கார்ன்ஃப்ளேக்ஸுக்குத்தான். தரகருக்கு எப்போதுமே அந்த யோகம் உண்டு.

சரி, இந்தத் தெருவில் எது அசல்? ஃபோர்னியர் தெரு முனைக் கட்டடத்தைப் பாருங்கள். 1743இல் பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள் கட்டிய தேவாலயம். 1898இல் யூதர்களின் ஜெபக்கூடம். 1976 முதல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசல். சுவரைச் சுரண்டிப் பழமையின் களை தேடியவர் இவர்களில் யாருமில்லை. பிழைக்க வந்த இடத்தில் கும்பிட ஒரு கூரை இருந்தால் போதும் என்றிருந்தவர்கள். கடைசியாக வந்த வங்காளிகளின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு இப்போது அங்கே வாடகை கட்டுப்படியாவதில்லை.